துர்துகான் சொன்ன முப்பத்திரண்டு பதில்கள்

மகப்பேறு மருத்துவமனையைத் தாண்டி மேடு ஏறுகிற இடத்தில் இருபத்தொன்றாம் எண் டிராலிபஸ்ஸின் கொம்பு விழுந்தது. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை.

கூரையிலிருந்து நீண்டு மேலே ஓடும் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு வருகிற இரண்டு தண்டுகளைத்தான் பிஷ்கேக்கில் கொம்பு என்பார்கள். கம்பியை விட்டு நழுவினால் விளக்கு அணைந்து, மோட்டார் அடங்கி, வண்டி நடுத்தெருவில் படுத்த மாடுபோல நின்றுவிடும். டிரைவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்னால் தொங்கும் கயிற்றைப் பிடித்து மறுபடி கம்பியில் கோர்க்க வேண்டும். கை பழகியவருக்கு இரண்டு நிமிட வேலை. துர்துகான் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவள். ஆனாலும் அவள் வண்டியில் கொம்பு விழுந்தால் பத்து நிமிடம், பதினொரு நிமிடம் ஆகும்.

காரணம், அது தானாக விழுவதில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போய், அவளே கயிற்றை இழுத்துத் தண்டுகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஓடுவாள். வண்டி நின்ற பிறகுதான் விளக்கு அணைகிறது என்பதை ஆறு வருஷத்தில் ஒரு பயணியும் கவனித்ததில்லை. கவனித்தவள் கண்டக்டர் லூபா ஒருத்திதான்.

"திரும்பவுமா?" என்றார் முன் இருக்கையில் இருந்த வெள்ளைத் தொப்பிக் கிழவர். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். எப்பப் பாத்தாலும் விழுந்து கெடக்கும்."

"தாத்தா, உங்க வீட்டுக் கதைய வண்டியில சொல்லாதீங்க, சின்னப் பொண்ணுங்க இருக்காங்க," என்றாள் லூபா. வண்டி சிரித்தது. லூபாவின் வேலை அதுதான்: பதினொரு நிமிடம் சிரிக்க வைப்பது, இல்லையென்றால் சண்டை போடுவது. யாரும் பின்கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாது. பார்த்தால், ஆரஞ்சு மேல்சட்டை போட்ட நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி ரப்பர் கையுறையோடு மகப்பேறு மருத்துவமனையின் பக்கவாசலுக்குள் ஓடுவது தெரியும்.

திரும்பி வந்தபோது துர்துகானின் உதடு வெளுத்திருந்தது.

"ரத்தமா?" என்றாள் லூபா, காதோரம்.

"வேற என்ன வரும்?"

"இன்னைக்கு எத்தனை?"

"விடியறதுக்குள்ள அஞ்சு. வண்டி எடுத்ததுக்கப்புறம் மூணு."

"பேசாம டிரைவர் சீட்டுலயே ஒரு ஓட்டை போட்டுடலாம்டி துர்து."

"போட்டுட்டா நீ என்ன பண்ணுவ? உனக்கும் சேத்துப் போடணும்பே," என்று சொல்லிவிட்டுத் துர்துகான் வண்டியை எடுத்தாள்.

அவள் நாரின் என்ற மலைப்பக்கத்துப் பெண். அவளுக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. நான்காவதாவது தங்கட்டும் என்று அப்பா 'தங்கிவிட்டவள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். தங்கினாள். பத்தொன்பது வயதில் தலைநகரான பிஷ்கேக் வந்து, டிப்போவில் வண்டி கழுவி, பிறகு லைசென்ஸ் எடுத்து ஓட்டுநர் ஆனாள். வங்கியில் காவல்காரனாக இருக்கும் அசனாகுனைக் கட்டினாள். பிள்ளைகள் இரண்டும் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டன. சொல்லிக்கொள்ளும்படி வேறு கஷ்டம் ஒன்றும் இல்லாதவள் என்றுதான் அக்கம்பக்கத்தில் பேச்சு.

நாற்பத்தொன்றாம் வயதில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் மூலம் என்றார்கள். பிறகு புழு என்றார்கள். கணவனின் அக்கா பூபுசாரா கரடிக் கொழுப்பு கொண்டுவந்து வெந்நீரில் கரைத்துக் கொடுத்தாள், அதற்கும் நிற்கவில்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் கிளாரா இசாயெவ்னா என்ற குடல் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் முழுக்கப் புண், இது போகிற நோயில்லை, கூடவே இருக்கிற நோய் என்றார். மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதியது. "நல்லா இருக்கா, சதை போட்டிருக்கா" என்று உறவுக்காரர்கள் வாழ்த்தினார்கள்.

அவள் ஓட்டுவதை விடவில்லை. தடத்தில் இருந்த ஒவ்வொரு கழிப்பறையும் அவளுக்கு மனப்பாடம். கடைசி நிறுத்தம், சம்சா ரொட்டி சுடுகிற அடுப்புக்காரன் கடைக்குப் பின்னால் ஒன்று, பெட்ரோல் பங்க், மசூதியின் பெண்கள் பக்கம், மகப்பேறு மருத்துவமனை. ஒன்றிலிருந்து மற்றதற்கு எத்தனை நிமிடம், எந்தக் காவல்காரன் முறைப்பான், எதில் வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும், எல்லாம் தெரியும். வண்டி எடுக்கிற நாளில் மாலைவரை ஒரு துண்டு ரொட்டிகூட வாயில் வைப்பதில்லை. உறவு வீட்டு விருந்துகளுக்கும் தவறாமல் போனாள். போய், கதவோரம் உட்கார்ந்து, எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். மருமகள் ஊற்றுவதுதான் முறை. ஊற்றுகிறவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்ப்பதில்லை.

செப்டம்பரில் கிளாரா இசாயெவ்னா கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தில் என்றும் இல்லாத வெளிச்சம்.

"வெளிநாட்டு உதவியில ஒரு மருந்து வருது. எட்டு வாரத்துக்கு ஒரு தடவ நரம்புல ஏத்தணும். நாடு முழுக்கப் பன்னெண்டு பேருக்குத்தான். உனக்குக் கெடைக்கணும்னு நான் ஆசப்படறேன்."

"கெடைக்கலைன்னா, டாக்டரம்மா?"

கிளாரா இசாயெவ்னா சுற்றி வளைக்கிறவர் இல்லை. "இந்தக் குளிர்காலம் தாண்டாது. குடல வெட்டி எடுத்துட்டு, வயித்துல ஓட்ட போட்டுப் பை மாட்டணும்."

துர்துகான் தன் வயிற்றைப் பார்த்தாள். சீருடைப் பொத்தான் ஒன்று தளர்ந்து தொங்கியது.

"புண்ணுக்கு மார்க் நான் போடுவேன்," என்றார் மருத்துவர். "அது பாதிதான். மீதிப் பாதி நீ சொல்ற பதில். முப்பத்திரண்டு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும். ரொம்ப மோசம்னா ஒண்ணு, தொந்தரவே இல்லைன்னா ஏழு. மொத்தம் நூத்தம்பதுக்குக் கீழ இருந்தாத்தான் குழு உன் பேர எடுக்கும். நர்ஸ் கேப்பா, நீ உள்ளத சொல்லு. புரிஞ்சுதா? உள்ளத."

"சரிங்க டாக்டரம்மா."

கேள்வி கேட்க நவம்பரில் ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி, தெரியாத வராந்தா, எங்கே கதவு என்று தெரியாது, அசிங்கப்படக் கூடாது. கடைசி மூன்று நாள் எத்தனை முறை போனீர்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அசனாகுன் சொன்னான்: "அக்காவக் கூட்டிட்டுப் போ. தனியாப் போய் நின்னா நாதியத்தவன்னு நெனப்பாங்க."

"வேண்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"அவ ஏற்கெனவே கெளம்பிட்டா."

பூபுசாரா பச்சை வெல்வெட் மேலங்கி போட்டுக்கொண்டு, ஒரு பை நிறையப் பொரித்த போர்சோக் ரொட்டியோடு வந்து இறங்கினாள். அறுபத்தைந்து வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். துர்துகானை இந்த இருபத்தைந்து வருஷமும் 'கெலின்' என்றே கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்த மருமகள் என்று அர்த்தம். துர்துகானோ அவள் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது. அவர்கள் முன்னால் உரக்கச் சிரிக்கக் கூடாது, முதுகு காட்டக் கூடாது, உடம்பில் இடுப்புக்குக் கீழே ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது.

நர்ஸ் ஜிபெக் சின்னப் பெண். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். துர்துகானைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். பூபுசாரா சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நோயாளியோடு வந்தவர்களை அந்த ஊரில் யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. சொன்னால் அது அவமானம்.

"கடைசி மூணு நாளு, ஒரு நாளைக்கு எத்தன தடவ வயித்தால போச்சுக்கா?"

துர்துகான் பூபுசாராவின் முழங்காலைப் பார்த்தாள். அதில் பொரித்த ரொட்டிப் பை இருந்தது.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு."

பொய் இல்லை. வயிற்றில் ஒன்றுமில்லாதபோது எத்தனை தடவைதான் போகும்?

"ரத்தம்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

பூபுசாரா தலையை உயர்த்தினாள். "என்ன ரத்தம்?"

"பல்லு தேய்க்கறப்ப வருமே, அண்ணி, அந்த மாதிரி," என்றாள் துர்துகான்.

ஜிபெக் எதையோ எழுதினாள். "போன ரெண்டு வாரத்துல, கக்கூஸ் பக்கத்துல இருக்காதோன்னு எத்தன தடவ கவலப்பட்டீங்க?"

இதற்குத் துர்துகான் கூசாமல் பதில் சொன்னாள். "ஒரு தடவயும் இல்ல. எல்லாம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே."

"அப்ப ஏழு. வயித்துப் பிரச்சினையால விருந்து விசேஷத்துக்குப் போக முடியாமப் போச்சா?"

"இதென்ன கேள்வி," என்று பூபுசாரா குறுக்கே வந்தாள். "எங்க கெலின் ஒரு விசேஷத்த விட்டதில்ல. போன மாசம் என் பேரனுக்குத் தொட்டில் விருந்து, நூத்தியிருபது பேருக்கு இவதான் டீ ஊத்தினா. ஆண்டவன் புண்ணியத்துல கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. எழுதும்மா."

"ஏழு. வேலைக்குப் போக முடியாம?"

"ஒரு நாளும் லீவு எடுத்ததில்ல," என்றாள் துர்துகான். அதுவும் நிஜம்.

"சோர்வா இருந்துச்சா? மனசு விட்டுப்போச்சா? அழுகை வந்துச்சா?"

யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'ஆண்டவனுக்கு நன்றி, நல்லா இருக்கேன்' என்று சொல்லித்தான் அங்கே எல்லாரும் வளர்ந்திருக்கிறார்கள். கெட்டதை வாயால் சொன்னால் அது வழி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். எதிரில் இருக்கிற பெண் அழகாகப் புன்னகைத்துக்கொண்டு கேட்கிறாள், பக்கத்தில் கணவனின் அக்கா இருக்கிறாள். துர்துகானின் வாய் தன் பழக்கப்படி நடந்துகொண்டது.

"ஆண்டவனுக்கு நன்றி," என்றது.

"அத எதுல போடட்டும், அஞ்சா, ஆறா?"

"ஆறு போடு," என்றாள் பூபுசாரா. "நன்றி கெட்டவங்கன்னு ஆகக் கூடாது."

ஒரு கேள்விக்கு வந்ததும் ஜிபெக் படிக்காமல் தாளைத் திருப்பி விரலால் காட்டினாள். துர்துகான் வாசித்துவிட்டுக் காதுவரை சிவந்தாள். பூபுசாரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து அதையும் வாசித்தாள். தாம்பத்தியத்துக்கு நோய் இடைஞ்சலாக இருக்கிறதா என்று கேட்டிருந்தது.

"இந்த ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள். "அவன் என் கூடப்பொறந்த தம்பி."

ஜிபெக் தானாகவே ஏழு போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

மொத்தம் நூற்று எண்பத்து நான்கு வந்தது. "நல்ல மார்க்குக்கா," என்றாள் ஜிபெக். அவளுக்கு அது எதற்கான மார்க் என்று சரியாகத் தெரிந்திருக்கவில்லை. மூன்று வாரமாகத்தான் அந்தத் தாளோடு சுற்றுகிறாள். வராந்தாவில் பூபுசாரா போர்சோக்கை எடுத்து நீட்டினாள். "சாப்பிடு கெலின், பாஸ் பண்ணிட்ட." துர்துகான் ஒன்றை வாங்கி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: நோயின் தீவிரம் வரம்புக்குள் இல்லை, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

கிளாரா இசாயெவ்னா அந்தக் கடிதத்தை மேசைமேல் தட்டினார். "எனக்குச் சொல்றப்ப பதினாலு தடவன்ற. பேப்பருக்குச் சொல்றப்ப ரெண்டுன்ற. என்னக் குழுவுக்கு முன்னால பொய்க்காரி ஆக்கிட்டியே, துர்துகான். புண்ணப் பாத்தவ நான், ஆனா நோயாளியே நல்லா இருக்கேங்கிறா, நீ யாருன்னு கேக்கறாங்க."

"திரும்பக் கேக்கச் சொல்லுங்க டாக்டரம்மா. இந்தத் தடவ சரியாச் சொல்றேன்."

"ஆறு மாசம் கழிச்சுத்தான் திரும்பக் கேப்பாங்க. மருந்து வேணும்னு நீ மாத்திச் சொல்றேன்னுதான் இப்ப நெனப்பாங்க." மருத்துவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "பத்து நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். கையில எழுத்துபூர்வமா ஆதாரம் இருக்கணும். உன் வாய்ச்சொல் இல்லாம, வேற யாராவது அன்னன்னிக்கு எழுதி வச்சது."

தினம் தினம் அவள் கழிப்பறைக்குப் போனதை யார் எழுதி வைத்திருப்பார்கள்? அன்று கடைசி நிறுத்தத்தில் லூபாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எழுதி வச்சிருக்காங்களே."

"யாரு?"

"நம்ம டிப்போ. ஒவ்வொரு கொம்பும் எத்தன மணிக்கு விழுந்துச்சு, எத்தன நிமிஷம் ஆச்சு, எந்த எடம். கட்டுப்பாட்டு அறையில எழுதாம விடறாங்களா? அந்த நோட்டு உன் வயித்தோட ஜாதகம்டி."

நிஜம்தான். ஒவ்வொரு நாளும் கடைசி நிறுத்தத்தில் நேரம் குறிக்கிற பெண் அதை நோட்டில் பதிந்து கையெழுத்து வாங்குவாள். மற்ற டிரைவர்களுக்கு மாதத்துக்கு ஏழு, எட்டு. துர்துகானுக்கு ஒரு மாதத்தில் தொண்ணூற்றிரண்டு. அதற்காகவே அவளுக்கு இரண்டு முறை எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்: வண்டியைக் கம்பியோடு சேர்த்து ஓட்டத் தெரியாதவள்.

டிப்போ அதிகாரி ஒமுர்ஸக் தடித்த, நல்ல மனிதர். நோட்டின் நகல் வேண்டும், முத்திரையோடு வேண்டும் என்றதும் எதற்கு என்று கேட்டார். காரணம் எழுதித் தராமல் அவர் முத்திரை குத்த முடியாது.

"ஒமுர்ஸக் அண்ணே, அந்தக் கொம்பெல்லாம் தானா விழல."

"பின்ன?"

"நான்தான் இழுத்துவிட்டேன்." அவள் காரணத்தையும் சொல்லி முடித்தாள். ஒமுர்ஸக் பேனாவை மூடியால் மூடினார், திறந்தார், மூடினார்.

"தங்கச்சி, யோசிச்சுப் பாரு. கொம்பு தானா விழுந்துச்சுன்னா நீ மோசமான டிரைவர். ஆனா டிரைவர். நீயா இழுத்துவிட்டேன்னு இதுல எழுதிக் குடுத்தா, நோயோட வண்டி ஓட்டினவ. ஆறு வருஷமா மெடிக்கல் போர்டுக்கு மறச்சவ. அறுபது பேரு ஏறுற வண்டி. அந்தக் காகிதத்தப் பாத்ததுக்கப்புறம் உன்ன நான் ஓட்ட விட முடியாது. என்னக் கேட்டா, எழுதாத. நான் இதக் கேக்கவே இல்லன்னு வச்சுக்கறேன்."

அவள் சுவரில் தொங்கிய தட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நிறுத்தங்களுக்கு மட்டும் புள்ளி இருந்தது.

"குடலும் வேணும், வண்டியும் வேணும்னா நடக்காதுல்ல, அண்ணே?"

"நடக்காது."

"அப்ப குடலே இருக்கட்டும்," என்று சொல்லி, அங்கேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒமுர்ஸக் முத்திரை குத்தினார். பிறகு அவளுடைய ஓட்டுநர் அட்டையைக் கேட்டார். கொடுத்தாள். ஆரஞ்சு மேல்சட்டையையும் கழற்றி நாற்காலியில் போட்டாள். கையுறையை மட்டும் மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

முன்னூற்று சொச்சம் கொம்பு விழுந்த நான்கு மாதப் பதிவை மருத்துவர் தானே எடுத்துக்கொண்டு போனார். எட்டாம் நாள் பதில் வந்தது. இணைக்கப்பட்டிருப்பது போக்குவரத்து ஆவணம். மருத்துவ ஆவணமாகக் கருத இயலாது. வினாத்தாளில் இதற்குரிய இடம் இல்லை. நோயாளி தானே அளித்த பதில்களே இறுதியானவை.

"எல்லாம் நீ குடுத்த பதில்தானாம்," என்றார் கிளாரா இசாயெவ்னா. அவளை வழியனுப்ப வாசல்வரை வந்தார்.

துர்துகான் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். வீட்டில் கழிப்பறை பத்தடி தூரத்தில். அதனால் உடம்பு தைரியமாகக் கெட்டது. ஜனவரி நடுவில், தெருவில் பனி முழங்கால்வரை கிடந்த ஒரு காலையில், அசனாகுன் அவளைக் கம்பளியில் சுற்றிப் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினான். மத்தியானம் குடலை எடுத்துவிட்டார்கள். அவள் கண் திறந்தபோது வயிற்றின் வலது பக்கம் ஒரு பை ஒட்டியிருந்தது. அது இளஞ்சூடாக, தன்பாட்டுக்கு நிரம்பிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பூபுசாரா வந்தாள். கெலின் பிழைத்ததற்காக ஆடு அறுத்துப் பங்கிட்டிருந்தாள். தெர்மாஸில் சூப் கொண்டுவந்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். பக்கத்துக் கட்டில் பெண்கள் இருவர், அவர்களைப் பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேர், எல்லாரும் பார்த்தார்கள்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, கெலின்? நான் என்ன அந்நியமா? பக்கத்துலதான உக்காந்திருந்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

துர்துகான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

"பூபுசாரா," என்றாள்.

பூபுசாராவின் கையில் தெர்மாஸ் மூடி அப்படியே நின்றது. வார்டில் இருந்த வயதான பெண் ஒருத்தி சட்டென்று தலைத்துணி முனையால் வாயை மூடிக்கொண்டாள். மருமகள் வாயில் நாத்தனாரின் பெயர்.

"பூபுசாரா, எனக்கு ஒரு நாளைக்குப் பதினாலு தடவ போச்சு. ரத்தமாப் போச்சு. வண்டியில ரெண்டு தடவ சீட்டுலயே போச்சு, லூபாதான் தொடச்சா. உங்க பேரனோட தொட்டில் விருந்துல ஒரு வாய் நான் சாப்பிடல. உங்க தம்பி என்னத் தொட்டு நாலு வருஷமாச்சு, கிட்ட வந்தா நாறுதுன்னு நானே தள்ளிப் படுத்துக்குவேன். அழுகை வந்துச்சான்னு கேட்டுச்சே அந்தப் பொண்ணு, வந்துச்சு. இப்ப எழுதிக்கச் சொல்லுங்க."

பூபுசாரா சூப்பை ஊற்றாமலே மூடியைத் திருகினாள். எழுந்து போகும்போது கதவருகே நின்று, "மயக்க மருந்து இன்னும் தெளியல போல," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு விருந்துகளுக்குத் துர்துகானுக்கு அழைப்பு வரவில்லை. தேநீர் ஊற்ற வேறு ஆள் இருந்தது.

வசந்தம் வந்து, ஆப்பிள் மரமெல்லாம் பூத்து உதிர்ந்தது. ஒமுர்ஸக் மனசு இளகி, கடைசி நிறுத்தத்துக் கூண்டில் வண்டி வருகிற நேரம் குறிக்கிற வேலையைக் கொடுத்தார். கூண்டின் சுவருக்கு அடுத்த சுவர் கழிப்பறை. அத்தனை வருஷமும் அவள் ஓடி ஓடி வந்து சேர்ந்த இடம். இப்போது அவளுக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை.

பதிவேட்டில் பெயர் ஏறியவர்களை, மருந்து கிடைத்தவரோ கிடைக்காதவரோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்பது விதியாம். மே மாதம் கூப்பிட்டார்கள். துர்துகான் தனியாகவே போனாள். ஜிபெக் இப்போது வேகமாகக் கேட்கப் பழகியிருந்தாள்.

"போன ரெண்டு வாரத்துல, கக்கூஸ் பக்கத்துல இருக்காதோன்னு எத்தன தடவ கவலப்பட்டீங்க?"

"ஒரு தடவயும் இல்ல."

"ரத்தம்?"

"இல்ல."

"வயித்துப் பிரச்சினையால விருந்துக்குப் போக முடியாம?"

"யாரும் கூப்பிடறதில்ல."

ஜிபெக் பேனாவைத் தூக்கினாள். "வயித்தாலயாக்கா?"

துர்துகான் யோசித்தாள். "வயித்தால இல்ல."

"அப்ப ஏழு."

சொன்ன பதில்கள் பெரும்பாலும் போன தடவை சொன்னவைதான். இந்தத் தடவை எதுவும் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. ஜிபெக் கூட்டிப் பார்த்தாள். சரிபார்க்க இன்னொரு முறை கூட்டினாள்.

"இருநூத்தி மூணுக்கா. மருந்து ஏத்திக்கிட்டவங்ககூட இவ்வளவு வாங்கல. அறிக்கையில உங்களுதுதான் முதல்ல வரும்."

"மருந்து கெடைக்கலன்னும் அதுல எழுதுவாங்களா?"

ஜிபெக் தாளைப் புரட்டிப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம். "அதுக்கு எடம் இல்லக்கா," என்றாள், வருத்தமாகத்தான்.

திரும்பும்போது இருபத்தொன்றாம் எண்ணில் ஏறினாள். ஓட்டியது புதுப் பெண், துர்துகானுக்குப் பழக்கமில்லை. மகப்பேறு மருத்துவமனை தாண்டி மேட்டில் விளக்கு அணைந்தது. வண்டி தள்ளாடி நின்றது. பயணிகள் முனக ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"பொம்பளைங்ககிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்," என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். "கொம்பக்கூடப் பிடிச்சு நிறுத்தத் தெரியாது."

துர்துகான் பின்கண்ணாடி வழியாக மருத்துவமனையின் பக்கவாசலைப் பார்த்துக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தில் நேரம் குறித்தாள். விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம்.

விளக்கு அணைந்த பிறகுதான் வண்டி நின்றது. தானாக விழுந்த கொம்புதான். மடியில் இருந்த கைப்பையைச் சரிசெய்துகொண்டு, வயிற்றின் பக்கம் இடிக்காதபடி ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள்.